சத்தம் போடாத குப்பி

ஜனவரி 9

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணன் எழுதுவது. குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். நீயும் உன் அறைத்தோழியும் சுகம்தானே? அவளுடைய ஜலதோஷம் விட்டதா?

மாதம் ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு போன் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் தாயே. ஆய்வகத்தில் அந்தக் குடுவை வெடித்த நாளிலிருந்து என் வலது காது மூக்குக்கண்ணாடி மாட்டத்தான் உதவுகிறது. இடது காதை நம் தலைமையாசிரியை மொத்தக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். அலுவலகத்தில் நின்றுகொண்டு நான் "என்னது? என்னது?" என்று கத்த, பத்துப் பேர் வேடிக்கை பார்க்க, எதற்கு? கடிதம் என்றால் நாலு தடவை எடுத்துப் படிக்கலாம்.

பள்ளிச் செய்தி: நம் மணிக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். மகள் வீட்டோடு போயாயிற்று. இப்போது மின்சார மணி. சுவிட்சை இரண்டாம் மாடித் திருப்பத்தில் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். போகிற வருகிற பிள்ளைகளெல்லாம் ஓர் அழுத்து அழுத்திவிட்டு ஓடுகின்றன. முப்பது வருஷமாய் மதியச் சாப்பாடு அவரோடுதான். இப்போது தராசு அறையில் நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். தராசு பதில் பேசாது, தொந்தரவில்லை.

செய்முறைத் தேர்வு வருகிறது. வழக்கம்போல் பழுப்பு வளையச் சோதனைக்கு நாற்பது குழாய் கழுவி வைத்திருக்கிறேன். நைட்ரேட் உப்போடு பெரஸ் சல்பேட் கரைசல், அப்புறம் கந்தக அமிலத்தைக் குழாயின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் வளையல் போட்ட மாதிரி ஒரு பழுப்பு வட்டம் நிற்கும். "ஆட்டாதீங்க, ஆட்டினா போயிடும்"னு தொண்டை கிழியக் கத்துவேன். ஆட்டும் குட்டிகள் ஆட்டும்.

ஆய்வகம் மூன்றாம் மாடி அல்லவா, இப்போதெல்லாம் ஒவ்வொரு மாடியிலும் ஜன்னலோரம் நின்று கொஞ்சம் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். யாருக்கு என்ன அவசரம்?

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஜனவரி 25

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். இந்த வெளிநாட்டுக் குளிர் மட்டும் எலும்பைத் தேடி வருகிறது. அறைத்தோழிக்கு ஜலதோஷம் விடவில்லை. உன்னை விசாரித்தாள்.

மூன்று மாடிக்கு மூன்று வேடிக்கையா? படியை இரண்டு இரண்டாய்த் தாவுகிறவன் ஆயிற்றே நீ. வயதாகிவிட்டது, ஒத்துக்கொள்.

ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பாய். உன் பழுப்பு வளையத்தை வைத்துத்தான் எனக்கு இங்கே சோறு. அந்த வளையம் என்ன தெரியுமா? நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை இரும்பு எட்டிப் பிடித்த இடம். வண்டிப் புகையில் வருகிற அதே வாயு, நம் ரத்தக்குழாயின் உள்சுவரிலும் ஊறுகிறது என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊறியதும் அது பக்கத்துத் தசைக்குள் போய், அங்கே ஒரு புரதத்தில் உட்கார்ந்திருக்கிற இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடனே குழாய் தளர்ந்து விரிந்து கொடுக்கும். ஆனால் அதன் ஆயுள் சில நொடிதான். ஓர் இரும்புக்கு இரண்டு நைட்ரிக் ஆக்சைடு, கூடக் கொஞ்சம் கந்தகம் என்று கட்டி, மெல்ல மெல்ல அவிழ்கிற மூட்டையாக அதைச் செய்வது என் வேலை. எலிக்குக் கொடுத்தால் சில மணி நேரம் ரத்த அழுத்தம் இறங்கி நிற்கிறது. அளவு கூடினால் அதே மூட்டை உயிரணுவின் இரும்பையெல்லாம் மடக்கிப் போட்டு அதைக் கொன்றுவிடுகிறது. அமிர்தமும் நஞ்சும் என்பார்களே, அதேதான்.

வெளிச்சம் பட்டால் மூட்டை அவிழ்ந்துவிடும். அதனால் பகல் முழுக்க ஜன்னல் அடைத்த அறையில், ஒரு சிவப்பு விளக்கோடு நான் மட்டும். வெளியே வந்தால் கண் கூசுகிறது. நேற்று கடையில் "நன்றி" சொன்னபோதுதான் அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறக்கிறேன் என்று உறைத்தது.

சரி விடு, புலம்பல். உடம்பைப் பார்த்துக்கொள்.

வாண்டு


பிப்ரவரி 12

அன்புள்ள வாண்டுக்கு,

இங்கே எல்லாம் சௌக்கியம். வாய் திறக்க அறைத்தோழி இல்லையா? இரண்டு பெண்கள் ஓர் அறையில் இருந்துகொண்டு பேசவில்லை என்றால் உலகம் நம்பாது.

தேர்வு முடிந்தது. நாற்பது குழாயில் முப்பத்திரண்டில் வளையம் வந்தது. ஒரு மகராசி அமிலத்தை முதலில் ஊற்றிவிட்டு, "அங்கிள், என் வளையம் மட்டும் ஏன் புகையுது?" என்றாள்.

உன்னிடம் ஒரு சந்தேகம். எனக்கில்லை, நம் மணிக்காரருக்கு. மதியம் சாப்பிடும்போது சொன்னார். படியேறினால் நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றுகிற மாதிரி இருக்கிறதாம். வலி இடது தாடை வரைக்கும் போகிறதாம். டாக்டர் ஒரு சின்னக் குப்பி மாத்திரை கொடுத்து, வலி வந்தால் உட்கார்ந்து நாக்குக்கு அடியில் வை என்றிருக்கிறார். வைத்தால் நாக்கு சுருக்கென்று எரிகிறது, நெஞ்சு விட்டுவிடுகிறது. ஆனால் தலை! மண்டைக்குள் கொல்லுப்பட்டறை. பெயரைப் பார்த்தேன், நைட்ரோகிளிசரின். பாறைக்கு வைக்கிற வெடிமருந்து ஆயிற்றே அது! அதை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்கிறானே பாவி, நல்லதுதானா? மனுஷர் பயந்துபோயிருக்கிறார்.

உன் அண்ணி இருந்தால் கஷாயம் வைத்தே சரிபண்ணியிருப்பாள் என்று அவரிடம் சொன்னேன்.

அண்ணன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணா,

சுகம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

மணிக்காரரைப் பயப்படாமல் இருக்கச் சொல். வெடிமருந்துதான், ஆனால் கடுகளவு. உடம்புக்குள் போனதும் அதிலிருந்து வருவது என் நைட்ரிக் ஆக்சைடுதான். அது இரும்பைப் பிடித்துக் குழாயை விரிக்கிறது. நெஞ்சில் விரிவதால் வலி போகிறது, தலையில் விரிவதால் தலை வலிக்கிறது. தலைவலி வந்தால் மாத்திரை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், சந்தோஷப்படச் சொல். கட்டாயம் உட்கார்ந்துதான் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் மயங்கி விழுவார். இரண்டு மூன்று வைத்தும் நெஞ்சு விடவில்லை என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

என் கதையைக் கேட்காதே. மூன்று வாரமாய் வளர்த்த சிவப்புப் படிகம் முந்தாநாள் வெளுத்துவிட்டது. எவரோ கதவைத் திறந்து வைத்துப் போயிருக்கிறார்கள். பேராசிரியர் என்னைப் பார்த்து, "நீங்க இன்னும் கொஞ்சம் கவனமா இருக்கணும்" என்றார். நான்தான் திறந்தேன் என்று முடிவே கட்டிவிட்டார். எனக்கு அழுகையாக வந்தது. அறைத்தோழிதான் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவளுக்கு ஜலதோஷம் இன்னும் இருக்கிறது, பாவம்.

வாண்டு


மார்ச் 16

அன்புள்ள வாண்டுக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதிவிட்டேன், இனிமேல் கேட்காதே.

அந்தப் பேராசிரியருக்கு வாயில் வெந்நீரை ஊற்ற! என் தங்கை கதவைத் திறந்து வைப்பாளா? வீட்டில் பால் பாத்திரத்துக்கே மூடிமேல் மூடி போட்டவள்.

மணிக்காரர் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். இப்போது பயமில்லை. ஒரே தொல்லை, அந்தக் குப்பி சட்டைப்பையில் கலகலவென்று சத்தம் போடுகிறது. நடந்தால் சலங்கை கட்டின மாதிரி. பிள்ளைகள் திரும்பிப் பார்க்கின்றன. தலைமையாசிரியை காதில் விழுந்தால் அவ்வளவுதான், "மூணு மாடி ஏற முடியாத ஆளை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் இருக்கிறது. வீட்டுக்குப் போய் நாலு சுவரோடு என்ன பேசுவது?

வேலைக்காரன் சும்மா இருப்பேனா? மருந்துக் குப்பி எதுவும் ஆடக்கூடாது என்று முப்பது வருஷமாய்ப் பழகின கை. ஆய்வகத்துப் பஞ்சை நன்றாகப் பிரித்து, குப்பிக்குள் மேலும் கீழும் அடைத்துக் கொடுத்தேன். இப்போது குதித்தாலும் சத்தமில்லை. அதிலிருந்து இன்னொரு அதிசயம், தலைவலி அடியோடு போய்விட்டது! நாக்கு எரிவதும் இல்லை. என்ன, வலி விட முன்னைவிடக் கொஞ்சம் நேரமாகிறது. உட்கார்ந்தால் தானாக விடுகிறது.

இருபத்தெட்டாம் தேதி நீண்ட விடுமுறை தொடங்குகிறது. பள்ளியில் வாயிற்காவலரும் நானும்தான். அமில ஜாடிகளையெல்லாம் கழுவி அடுக்கலாம் என்றிருக்கிறேன். வீட்டில் இருந்து என்ன கிழிக்கப்போகிறேன்?

அண்ணன்


மார்ச் 31

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் இன்று வந்தது. சுகம். குளிர் விட்டுவிட்டது. படிகம் மறுபடி வளர்கிறது, இந்தத் தடவை கதவுக்கு நானே பூட்டு வாங்கிப்

அண்ணா, பாதியில் நிறுத்தினேன். மணிக்காரருக்கு மூன்றாம் மாடியில் என்ன வேலை?

பெட்டியைத் திறந்து உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். அவர் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நீ தனியாகச் சாப்பிடுகிறாய். அப்புறம் பிப்ரவரியில் எந்த மணிக்காரர் உன்னோடு சாப்பிட்டார்? ஜன்னல் ஜன்னலாய் நின்று வேடிக்கை பார்த்தது யார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். நானும் ஒரு ஆராய்ச்சிக்காரி என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு இரண்டு மாதம் அதைச் சாப்பிட்டிருக்கிறேன்.

திட்ட நேரமில்லை, அப்புறம் வட்டியோடு திட்டுகிறேன். கவனமாகப் படி. அந்த மாத்திரையில் இருக்கிற மருந்து தானாக ஆவியாகும் சாதி. பஞ்சு அதை உறிஞ்சிக் குடித்துவிடும். அதனால்தான் கண்ணாடிக் குப்பியில் இறுக மூடி, பஞ்சில்லாமல் தருகிறார்கள். நாக்கு எரியவில்லை, தலை வலிக்கவில்லை என்றால் அது அதிசயமில்லை. உடம்பு பழகியும் இருக்கலாம், ஆனால் வலி விட நேரமாகிறது என்கிறாயே. நீ நாக்கடியில் வைப்பது வெறும் சுண்ணாம்பு மாதிரி, அண்ணா. நெஞ்சு தானாக விட்டதை மாத்திரை விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒரு நாள் அது தானாக விடாது.

பழசைத் தூக்கி எறி. இன்றே புதுக் குப்பி வாங்கு. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல். புதுசை வைத்ததும் எனக்கு ஒரே ஒரு வரி எழுது, தலை வலிக்கிறது என்று. நலம் நலம் என்று மூன்று தடவை எழுதாதே. இந்தக் கடிதம் வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆகும், அதனால் தந்தியும் கொடுக்கிறேன்.

வாண்டு


தந்தி, மார்ச் 31

மணிக்காரர் குப்பியில் பஞ்சு கூடாது. மாத்திரை செத்துவிட்டது. உடனே புதியது வாங்கவும். மணிக்காரர் நீதான். வாண்டு


ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணா,

தந்திக்குப் பதில் தந்தி கொடுக்க உனக்குத் தெரியாதா? தினமும் தபால் பெட்டியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்க்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு நான்கு நாள் போன் போட்டேன். விடுமுறை. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கீழே வாசலில் இருக்கிற காவலருக்கு மாடி அலுவலகத்தில் அடிப்பது எப்படிக் கேட்கும்? கேட்காது என்று தெரிந்தே பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் மணி அடிக்கிறது என்பதாவது நிஜம் அல்லவா?

உன்னைப் பொய்யன் என்று திட்டியாயிற்று. இப்போது என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதாவது கோபத்தில் எழுதுவாய். அறைத்தோழி இல்லை, அண்ணா. போன வருஷமே வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் கட்டிலில் என் புத்தகங்கள் கிடக்கின்றன. நீ கவலைப்படுவாயே என்று அவளைக் கடிதத்தில் மட்டும் வைத்திருந்தேன். புதிதாக எழுத ஒன்றும் தோன்றாததால் ஜலதோஷத்தைக் கொடுத்தேன். அன்று தேநீர் நானே போட்டுக்கொண்டேன்.

இங்கே எனக்கு யாருமில்லை. அங்கே உனக்கு யாருமில்லை. எழுது அண்ணா.

வாண்டு


ஏப்ரல் 20

அண்ணா,

ஊருக்கு வரப் பயண அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள். படிகம் நன்றாக வந்திருக்கிறது. யாரிடம் சொல்ல?

வாண்டு


ஏப்ரல் 17 (ஏப்ரல் 29 அன்று வந்து சேர்ந்தது)

அன்புள்ள வாண்டுக்கு,

முதலில் இதைப் படி: உயிரோடு இருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். இன்றைக்குத்தான் பேனா பிடிக்க விட்டார்கள். கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருந்தால் மன்னித்துவிடு.

உன் தந்தி இரண்டாம் தேதி வந்தது. தபால்காரர், "யாருங்க இது மணிக்காரர்?" என்று கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை. தங்கையிடம் பிடிபட்ட வெட்கம். சட்டைப்பையில் மடித்து வைத்தேன். மருந்துக்கடைக்கு நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

மறுநாள் காலை ஜாடி கழுவப் பள்ளிக்குப் போனேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பிடித்தது. அதுவரைக்கும் வந்ததெல்லாம் அதோடு ஒப்பிட்டால் சும்மா. படியில் உட்கார்ந்து ஒன்றை வைத்தேன். எரியவில்லை. இன்னொன்றை வைத்தேன். சாக்குக்கட்டி தின்ற மாதிரி இருந்தது. வழக்கமாக இருந்தால் "இதோ விட்டுவிடும், இதோ விட்டுவிடும்" என்று அங்கேயே உட்கார்ந்திருப்பேன். மூன்றாவதை எடுக்கப் பைக்குள் கைவிட்டபோது தந்தி கையில் வந்தது. செத்துவிட்டது என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்தேன். இனி காத்திருந்து பிரயோஜனமில்லை என்று அப்போதுதான் புத்தியில் ஏறியது.

கத்தலாம் என்றால் குரல் வரவில்லை. பள்ளியே காலி. தலைக்குமேலே பார்த்தால் அந்தப் பாழாய்ப்போன மின்சார மணியின் சுவிட்சு! சுவரைப் பிடித்து எழுந்து அழுத்தினேன். கையை எடுக்கவே இல்லை. என் காதுக்கே அது கேட்டது, அப்படி அலறியது. வாயிற்காவலர் "லீவுல எவன்டா பெல் அடிக்கிறது?" என்று தடியோடு ஓடிவந்தார். என்னைப் பார்த்ததும் தடியைப் போட்டுவிட்டுத் தோளில் தூக்கினார். மணிக்காரர் நீதான் என்று நீ எழுதியது பலித்தது பார்.

இங்கே கொண்டுவந்தபோது ரத்த அழுத்தம் உச்சாணிக் கொம்பில் இருந்ததாம். கையில் ஒரு மருந்து ஏற்றினார்கள். புட்டிக்கு வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. "எதுக்கும்மா சுத்தியிருக்கீங்க?" என்றேன். "வெளிச்சம் பட்டா கெட்டுப் போயிடும் ஐயா, பேசாம படுங்க" என்றாள் நர்ஸ். பேர் என்ன என்று விடாமல் கேட்டேன். சோடியம் நைட்ரோப்ருசைடு! அடிப்பாவி, நம் ஆய்வகத்தில் மூன்றாம் தட்டில், இடமிருந்து ஐந்தாவது குப்பி. கந்தகம் இருக்கிறதா என்று பார்க்க நான் சொட்டு விடுகிற சரக்கு. இரும்பும் அதைப் பிடித்திருக்கிற உன் நைட்ரிக் ஆக்சைடும். உன் மூட்டைக்கு மூத்த தமக்கை மாதிரி ஒன்று என் கையில் சொட்டுச் சொட்டாக அவிழ்ந்துகொண்டிருந்தது. நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது, வாண்டு. நான் அழுதேன். நர்ஸ் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சீட்டு எழுதுகிறவர் வந்து, "கூட யாருங்க இருக்காங்க?" என்று கேட்டார். தந்தியை எடுத்துக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு என் சீட்டோடு சேர்த்துக் குத்தி வைத்துக்கொண்டார்.

தலைமையாசிரியை வந்தார். வீட்டுக்கு அனுப்பப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "முன்னாடியே சொல்லியிருந்தா கீழ ஸ்டோர்ல உட்கார வெச்சிருப்பேனே, என்னங்க மனுஷன் நீங்க?" என்று சத்தம் போட்டார். இரண்டு வருஷமும் கீழேதான். இதற்காகவா பஞ்சு அடைத்தேன்?

இப்போது என் முறை. உன் கடிதங்களை எல்லாம் நான் நாலு தடவை படிக்கிறவன் என்று ஜனவரியிலேயே எழுதினேன். அந்தப் பெண்ணுக்குப் போன மழைக்காலத்திலிருந்து ஜலதோஷம். உலகத்தில் எந்த ஜலதோஷமும் அத்தனை மாதம் இருக்காது. எத்தனை நாளாய்த் தனியாக இருக்கிறாய்? கேட்டால் உடைந்துபோவாய் என்று நானும் அவளை விசாரித்துக்கொண்டே இருந்தேன். இனிமேல் விசாரிக்கமாட்டேன்.

அண்ணன்


மே 6, அஞ்சலட்டை

வாண்டு,

வீட்டுக்கு வந்து மூன்று நாள். உன் கடிதங்கள் மூன்றும் வாசலில் கிடந்தன. அந்தக் கட்டிலிலிருந்து புத்தகங்களை எடுத்து வை, அனுமதி வந்து நீ கிளம்புகிறவரைக்கும் அதிலும் ஒரு நாள் படு.

இன்று கடைக்குப் போய்த் திரும்பும்போது நெஞ்சை லேசாகப் பிடித்தது. உட்கார்ந்தேன். புதுக் குப்பி, பஞ்சு கிடையாது, தெருவெல்லாம் கலகல. ஒன்று வைத்தேன். நாக்கு எரிந்தது. நீ கேட்ட வரி:

தலை வலிக்கிறது.

மணிக்காரன்